யார் பெயரும் இல்லாத பாகம்

எங்கள் தொழிலில் விலை சொல்வதற்கு முன்பே ஒரு கையெழுத்துப் போட்டாக வேண்டும். பம்புக்கும் வால்வுக்கும் வண்டிகளுக்கும் வேண்டிய பாகங்களைக் கடைந்து கொடுக்கிற பட்டறை எங்களுடையது. கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒன்றைப் பார்க்கலாம். வாங்குகிறவர் டிராயிங் அனுப்பினால்தான் நாங்கள் கோட்டேஷன் போட முடியும். டிராயிங் வேண்டுமென்றால் முதலில் என்.டி.ஏ.வில், அதாவது ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்பார் அவர். ஆக, இன்னும் வாடிக்கையாளராக ஆகாத ஒருவருக்கு, இன்னும் கண்ணால் பார்க்காத ஒன்றைப் பற்றி, வாயே திறக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் பேச்சு தொடங்கும்.

மார்க்கெட்டிங்கில் நான் சேர்ந்தபோது இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் மேனேஜர். டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்து, ஷாப் ஃப்ளோரைப் பார்த்துக்கொண்டு, பிறகு விற்பனைக்கு வந்தவர். சட்டம் படித்தவர் இல்லை. ஆனாலும் எந்த என்.டி.ஏ. வந்தாலும் வக்கீலிடம் போவதற்கு முன் அவர் மேஜைக்குத்தான் வரும். பென்சிலை எடுத்தால் முதல் பக்கத்திலிருந்து படிக்க மாட்டார். எந்தக் காரியத்துக்காக இந்தத் தகவலைத் தருகிறோம் என்று சொல்கிற பத்தி எங்கே இருக்கிறது என்று தேடுவார்.

"அம்மணி, என்ன காரியத்துக்குன்னு போட்டிருக்காங்க, படி."

"ரெண்டு கம்பெனிக்கும் நடுவுல இருக்கற வியாபார வாய்ப்புகளைப் பார்க்கறதுக்குன்னு இருக்குதுங்க சார்."

"ஊரையே அளந்து எழுதுன பட்டாவா இருக்குது. இந்த பார்ட் நம்பருக்கு விலை கொடுக்கறதுக்குன்னு மாத்தித் தரச் சொல்லி மெயில் போடு."

அந்த ஒரு வரிக்கு இவ்வளவு பாடா என்றுதான் அப்போது நினைத்தேன். 'வியாபார வாய்ப்புகள்' என்று விட்டுவிட்டால் டீ குடிக்கும்போது பர்ச்சேஸ்காரர் சொன்னதும் ரகசியம், அடுத்த வருஷம் வேறொரு பாகத்துக்காக அவர்கள் காட்டியதும் ரகசியம். நாளைக்கு அவர்களுடைய போட்டிக் கம்பெனி அதே ஜாதி வால்வு பாடியைக் கேட்டு வந்தால், நாம் எதை யாரிடமிருந்து தெரிந்துகொண்டோம் என்று பிரித்துக் காட்ட முடியாது. பார்ட் நம்பர் போட்டுவிட்டால் எல்லை தெரிந்துவிடும்.

அடுத்து அவர் போவது விலக்குகளுக்கு. எல்லா என்.டி.ஏ.விலும் ஏறக்குறைய இதே நான்கு விலக்குகள்தான் இருக்கும்: ஏற்கெனவே ஊருக்கே தெரிந்தது, நமக்கு முன்பே தெரிந்தது, வேறொருவர் முறைப்படி சொல்லித் தெரிந்தது, நாமாகவே உருவாக்கியது. அச்சடித்த வரிகள் என்று எல்லோரும் தாண்டிப் போகிற இடம் இது. இரண்டாவதில்தான் அவர் உட்கார்ந்துகொள்வார். முன்பே தெரியும் என்றால் போதுமா, அதற்குச் சாட்சி எங்கே? அதனால் கையெழுத்துக்கு முன் எங்கள் பட்டறையில் ஒரு தாள் தயாராகும். எந்த உலோகம், என்ன மெஷின், எவ்வளவு ஆழம்வரை போரிங் செய்திருக்கிறோம், எந்த டாலரன்ஸைப் பிடித்திருக்கிறோம் என்று எழுதி, புரொடக்ஷனும் குவாலிட்டியும் தேதியோடு கையெழுத்துப் போடுவார்கள். அது யாருக்கும் அனுப்புவதற்கில்லை. எங்கள் ஃபைலில் இருக்கும். அந்தத் தாளை எழுதுவதுதான் என் முதல் வேலை. பட்டறைக்கு என்ன தெரியும் என்பதை நான் கற்றுக்கொண்டதும் அதை எழுதித்தான். விற்பனைக்காரருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்பது என் கட்சி.

பீரோவில் ஒரு பழைய தீர்ப்பின் ஜெராக்ஸ் இருந்தது. 1987-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வந்த வழக்கு: ஜான் ரிச்சர்ட் பிராடி எதிர் கெமிக்கல் பிராசஸ் எக்விப்மென்ட்ஸ். மாட்டுத் தீவனம் வளர்க்கிற ஒரு யந்திரத்தை உருவாக்கியவர் பிராடி. அதற்கு வேண்டிய தெர்மல் பேனல்களைச் செய்து தர முடியுமா என்று ஒரு கம்பெனியிடம் டிராயிங்கையும் தொழில்நுட்ப விவரங்களையும் கொடுக்கிறார். ஆர்டர் போகவில்லை. பிற்பாடு பார்த்தால் அந்தக் கம்பெனியே தீவன யந்திரம் செய்து விற்கிறது. நீதிமன்றம் தடை விதித்தது. டிராயிங்கின் பதிப்புரிமை ஒருபுறம். நம்பிக்கையின் பேரில் கொடுத்ததை எடுத்துத் தனக்கென்று பயன்படுத்தக் கூடாது என்பது இன்னொருபுறம். அந்த நம்பிக்கைக்கு எழுத்தில் தனி ஷரத்து இருந்தே ஆக வேண்டும் என்றும் நீதிமன்றம் சொல்லவில்லை.

எங்களைப் போன்ற கோட்டேஷன் போடுகிறவர்களின் கதைதான் இது. படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எழுத்தே இல்லாவிட்டாலும் கோர்ட் தடுக்கும் என்றால், இந்தத் தாள் எதற்கு?

"அவங்களுக்கு வேண்டாம்னே வெச்சுக்க. நமக்கு வேணும்," என்றார். "எழுத்து இல்லீன்னா எதெது ரகசியம், எத்தனை வருஷம்னு யாரு சொல்றது? எல்லாத்துக்கும், என்னைக்கும்னு ஆயிரும். தாள் இருந்தா மூணு வருஷம், இந்த டிராயிங், அத்தோட சரி."

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றில் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைத்தது. என்.டி.ஏ. வாங்குகிறவரின் காவலுக்கு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சரியாக எழுதினால் அது விற்கிறவரின் எல்லைக் கல். அதை அப்படிப் படிக்கத் தெரியாதவர்கள் இரண்டு விதமாகக் கெடுக்கிறார்கள்: படிக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்கள் ஒரு வகை, பயந்துபோய் வக்கீலிடம் கொடுத்து ஒரு மாதம் இழுத்து, அதற்குள் ஆர்டரை வேறு பட்டறைக்குப் போகவிடுகிறவர்கள் இன்னொரு வகை.

வர்த்தக ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 22-ஆவது சட்ட ஆணையம் 2024-இல் தனது 289-ஆவது அறிக்கையில் அப்படி ஒன்றைப் பரிந்துரைத்தது. இப்போதைக்கு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தையும் பிராடி வழக்கு போன்ற தீர்ப்புகளையும் வைத்துத்தான் ஓடுகிறது. அந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கிற ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. சில என்.டி.ஏ.க்களின் ஏழாவது எட்டாவது பக்கத்தில், இதே மாதிரிப் பாகத்தை ஐந்து வருஷத்துக்கு வேறு யாருக்கும் செய்து தர மாட்டோம் என்று ஒரு வரி பதுங்கியிருக்கும். அது ரகசியம் காப்பது இல்லை, வாடிக்கையாளர்களைக் கட்டிப் போடுவது. 27-ஆவது பிரிவு இருக்கிறதே, கையெழுத்துப் போட்டால்தான் என்ன என்று கேட்டேன். சட்டப்படி செல்லாது என்று தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுகிறவனிடம் யாரும் இரண்டாவது ஆர்டர் கொடுக்க மாட்டார்கள் என்றார் மேனேஜர். தவிர, ஒப்பந்தத்துக்கு ஜெர்மன் சட்டம், அங்கத்திய கோர்ட் என்று எழுதியிருந்தால் நம் 27 அங்கே வந்து நிற்காது.

ஜெர்மன் வாடிக்கையாளர்கள் என்.டி.ஏ. விஷயத்தில் ஏன் இவ்வளவு விடாப்பிடியாக இருக்கிறார்கள் என்பதும் போகப் போகப் புரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் வர்த்தக ரகசியத்துக்கு ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. அதையொட்டி ஜெர்மனியில் 2019-இல் தனிச் சட்டம் வந்தது. ஒரு தகவலைக் காப்பாற்ற அதன் சொந்தக்காரர் தக்க நடவடிக்கை எடுத்திருந்தால்தான் அது ரகசியம் என்கிறது அந்தச் சட்டம். என்.டி.ஏ. இல்லாமல் டிராயிங்கை வெளியே விட்டால் தன் ரகசியத்தைத் தானே கைவிட்டதாக நாளைக்கு யாராவது வாதாடலாம். எதிரில் இருக்கிற பர்ச்சேஸ்காரர் நம்மைச் சந்தேகப்படவில்லை. அவர் கம்பெனியில் அவருக்கு ஒரு பெட்டி டிக் அடிக்க வேண்டியிருக்கிறது. இது தெரிந்த பிறகு அவரிடம் பேசுகிற தொனியே மாறிவிடும். வேண்டாம் என்று சொல்லாமல், இந்த வரியை இப்படி மாற்றினால் இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன் என்று சொல்ல வரும்.

தாளில் எழுதியதைப் பட்டறையில் காப்பாற்றுவது வேறு வித்தை. புது வாடிக்கையாளர் ஆடிட்டுக்கு வருகிறார் என்றால் முதல் நாள் சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூட்டிக்கொண்டு, வருகிறவர் நடக்கப்போகிற வழியிலேயே நடப்பார். மெஷின் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்குகிற டிராயிங்கைத் திருப்பி வைப்பார். டிரேயில் அடுக்கிய பாகங்களின் அடையாளச் சீட்டில் வாடிக்கையாளர் பெயர் இருந்தால் கிழித்துவிட்டு எங்கள் கோடு நம்பர் மட்டும் உள்ள சீட்டை ஒட்டச் சொல்வார். ஃபிக்ஸர்மேல் துணி. இன்ஸ்பெக்ஷன் ரூமில் கம்ப்யூட்டர் திரையில் 3டி மாடல் திறந்தபடி இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். டெஸ்பாட்ச் பக்கம் போனால் அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் கம்பெனி பெயர் அச்சாகியிருக்கும். அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்ப வேண்டும். அவ்வளவு பார்த்தும் கடைசியில் அவர் கை போட்டது வரவேற்பறை ஒயிட் போர்டில். அந்த வாரத்து டெஸ்பாட்ச் திட்டம் வாடிக்கையாளர் பெயர்களோடு அப்படியே இருந்தது.

ரிஜெக்ட் ஆன பாகங்களையும் மறக்கக் கூடாது. வாடிக்கையாளர் லோகோவோடு வார்த்த பாகத்தை அப்படியே பழைய இரும்புக்குப் போட்டால் அது உருகாமல் உதிரிக் கடைக்குப் போய்ச் சேர வழியுண்டு. அதனால் உடைத்தோ குறுக்கே அறுத்தோதான் போடுகிறோம். திருப்பிக் கொடு அல்லது அழித்துவிடு என்று என்.டி.ஏ.வில் எழுதியிருப்பது காகிதத்துக்கு மட்டும் இல்லை.

இதெல்லாம் காவல் வேலை. விற்பனைக்காரியாக என்னைப் படுத்தியது இதற்கு நேர் எதிரான கேள்வி. யாரைப் பார்க்கப் போனாலும் முதலில் கேட்பது, "இதுக்கு முன்னாடி யாருக்குச் செஞ்சு குடுத்திருக்கீங்க?" சொல்ல முடியாது. பெரும்பாலான என்.டி.ஏ.க்கள் வாடிக்கையாளர் என்று பெயர் சொல்வதையே தடுக்கின்றன. கோவை கொடீசியா வளாகத்தில் இன்டெக் என்ற தொழில் கண்காட்சி நடக்கும்போது பார்த்திருப்பீர்கள். சில ஸ்டால்களில் மேஜை நிறைய மினுமினுக்கிற பாகங்கள் இருக்கும். பாதிக்கு அனுமதி வாங்கியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். அதைப் பார்த்துவிட்டுப் போகிற பெரிய வாடிக்கையாளர் என்ன நினைப்பார்? நாளைக்கு நம்முடையதையும் இப்படித்தானே பரப்பி வைப்பான் என்றுதான்.

எங்கள் மேஜையில் இருந்தது ஒரே ஒரு பாகம். அது எந்த யந்திரத்திலும் போய் உட்காராது. யாருடைய டிராயிங்கும் இல்லை. மேனேஜர் தானே வரைந்து அலுமினியத்தில் கடைந்தது. மெல்லிய சுவர், ஒன்றுக்கொன்று சாய்வாகப் போய் உள்ளே சந்திக்கிற இரண்டு துளைகள், ஆழமான ஒரு போர், ஓரத்தில் மெல்லிய மரை. எங்களால் எதெல்லாம் முடியுமோ அத்தனையையும் ஒரே துண்டில் ஏற்றியிருந்தார். பக்கத்தில் அளவுகளின் ரிப்போர்ட். வருகிறவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார், துளைக்குள் விரலை விட்டுப் பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார், "இது எதுக்குப் போகுது?" என்பார். எதற்கும் போகாது, உங்களிடம் காட்டுவதற்காகச் செய்தது என்று சொன்னால் சிரிப்பார். பிறகு அவராகவே, தன்னிடம் இதே மாதிரி ஒரு துளைச் சந்திப்பு தொல்லை கொடுக்கிறது என்று ஆரம்பிப்பார். பெயர் சொல்ல மாட்டோம் என்பதையே அந்த இடத்தில் ஒரு தகுதியாகச் சொல்லலாம். மற்றவர்களுடையதைக் காட்டாதவர்கள் உங்களுடையதையும் காட்ட மாட்டார்கள் என்பது எதிரில் இருப்பவருக்கு விளக்காமலே விளங்கும்.

எங்களிடமும் ரகசியம் உண்டு என்பது எனக்கு வெகு நாள் உறைக்கவில்லை. பெரிய கம்பெனிகள் கோட்டேஷனோடு விலைப் பிரிப்பைக் கேட்கும்: மூலப்பொருள் எடை, மெஷின் மணிக்கு என்ன ரேட், சைக்கிள் டைம், ரிஜெக்ஷன் எத்தனை சதவீதம், லாபம் என்ன. அதோடு எப்படிச் செய்யப்போகிறீர்கள், எத்தனை செட்டிங் என்ற விவரமும். அதைக் கொண்டுபோய் இன்னொரு பட்டறையிடம் கொடுத்து, இதே முறையில் இதைவிடக் குறைத்துக் கொடு என்று கேட்டால்? அவர்கள் அனுப்புகிற என்.டி.ஏ. ஒருவழிப் பாதை, அவர்கள் தகவலைத்தான் காக்கும், எங்களுடையதைக் காக்காது. இரு தரப்புக்கும் பொருந்துகிறபடி மாற்றித் தாருங்கள் என்று கேட்பது நான் சேர்ந்த பிறகு எங்கள் ஆபீஸில் வழக்கமானது. நிறைய பேர் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருகிறார்கள். அவர்கள் வக்கீலிடமே இன்னொரு படிவம் தயாராக இருக்கும். கேட்காதவர்களுக்குத்தான் ஒருவழிப் படிவம்.

மேனேஜரோடு எனக்கு ஒத்துப்போகாத இடமும் இதுதான். பெரிய வாடிக்கையாளர் மறுத்தால் ஒருவழியிலேயே கையெழுத்துப் போட்டுவிடலாம், ஆனால் செட்டிங் விவரத்தைக் கொடுக்காமல் மொத்த விலையை மட்டும் சொல்லலாம் என்பார். இத்தனை வருஷம் அப்படித்தான் ஓட்டினார், ஓடியும் இருக்கிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை. விலைப் பிரிப்பைக் கேட்பவர் அதை வாங்காமல் விடுவதில்லை. இரண்டாவது மீட்டிங்கில் நம் புரொடக்ஷன் ஆளையே கூப்பிட்டு உட்காரவைத்து வாயைக் கிளறி வாங்கிவிடுவார். இப்போது ஒரு வால்வு கம்பெனியின் என்.டி.ஏ. மேஜையில் நிற்கிறது. பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் வேலைகளை வெளியே கொடுப்போம், அவர்களுக்கும் டிராயிங்கின் ஒரு பகுதி போகும் என்று எழுதச் சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். எங்கள் விலைப் பிரிப்பும் ரகசியம் என்ற வரியை மட்டும் இரண்டு முறை அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் கையெழுத்துப் போடலாம் என்கிறார். மூன்றாவது முறையும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.