சொல்லிக் கொடுப்பவருக்கு என்ன லாபம்?

ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது பி.காம். முதல் வருடப் பாடம். ஆனால் 'கூகுள் சம்மர் ஆஃப் கோட்' கணக்கைப் பார்த்தால் கொஞ்சம் இடிக்கும். 2005-ல் இந்தத் திட்டம் தொடங்கியபோது, கோடை விடுமுறையில் ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு நிரல் எழுதி முடிக்கும் மாணவருக்கு 4,500 டாலர். வழிகாட்டிய அமைப்புக்கு 500 டாலர். தன் வேலை முடிந்த பிறகு ராத்திரியில் உட்கார்ந்து, முகம் பார்த்திராத மாணவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும் வழிகாட்டிக்கு? தனியாக ஒரு பைசா கிடையாது. பிறகு எதற்கு இந்த வேலை?

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு நெட்வொர்க்கில் எந்தெந்தக் கணினிகள் இருக்கின்றன, எந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன என்று தேடிச் சொல்லும் மென்பொருள் என்மேப். 2005 கோடையில் அதற்கு ஒரு முகப்பு எழுத ஒரு மாணவர் வந்தார். அதற்குப் பெயர் உமிட். அதிலிருந்து வளர்ந்த ஜென்மேப், 2007 டிசம்பரில் வெளியான என்மேப் 4.50-லேயே சேர்ந்துவிட்டது. உமிட்டும் தனி அமைப்பாக வளர்ந்து, தானே மாணவர்களை எடுத்து வழிகாட்ட ஆரம்பித்தது. அந்த மாணவர்களுக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று, புளூடூத் ஸ்கேனர்.

பெயரைக் கேட்டால் சின்ன வேலை மாதிரி இருக்கும். அப்படி இல்லை. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. பழைய வகை புளூடூத் அதற்குள் 79 சேனல்களில், நொடிக்கு 1,600 தடவை வரை தாவும். ஸ்கேனர் 'யார் இருக்கிறீர்கள்?' என்று கூப்பிட்டுப் பார்க்கும். மற்றவர்களுக்குத் தெரியும்படி வைக்கப்பட்ட கருவிகள் மட்டும் தங்கள் 48 பிட் முகவரியைச் சொல்லும். மறைந்திருப்பவை வாயைத் திறக்காது. வழக்கமாக ஒரு தேடலுக்கு 10.24 நொடி ஆகும்.

புதிதாக வரும் மாணவருக்கு இதெல்லாம் தெரியாது. எல்லாப் போன்களையும் கண்டுபிடிப்பேன், வரைபடத்தில் காட்டுவேன் என்று பெரிய திட்டத்தோடு வருவார். வழிகாட்டியின் முதல் வேலை கத்திரிக்கோல் எடுப்பது. முதலில் பக்கத்தில் உள்ள கருவிகளின் பட்டியல் ஒழுங்காக வரட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும். மூன்று மாதத்தில் முடியாத பெரிய திட்டத்தைவிட, ஓடுகிற சின்ன மென்பொருள் மேல்.

இரண்டாவது வேலை இன்னும் கஷ்டம். சும்மா இருப்பது! 'தேடினேன், ஒன்றுமே வரவில்லை' என்று மாணவர் எழுதுகிறார் என்று வையுங்கள். அவருடைய போன் மறைந்திருக்கும் நிலையில் இருக்கிறது என்பது அனுபவசாலிக்கு ஒரு நிமிடத்தில் புரியும். பதிலைச் சொல்லிவிட்டால் இருவருக்கும் நேரம் மிச்சம். ஆனால் நல்ல வழிகாட்டி, 'எந்தக் கருவி பதில் சொல்லும், எது சொல்லாது என்று பார்த்தீர்களா?' என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார். மாணவர் ஒரு நாள் முழுக்கத் திண்டாடுவார். அந்த ஒரு நாளில் கற்றது மறக்காது.

மூன்றாவதுதான் முக்கியம். ஸ்கேனர் கண்டுபிடிப்பது வெறும் கருவியை அல்ல. அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். பலர் போனுக்குத் தங்கள் பெயரையே வைத்திருப்பார்கள். முகவரி மாறாமல் இருந்தால், தினமும் எத்தனை மணிக்கு அவர் அந்த வழியாகப் போகிறார் என்று குறித்துவைக்க முடியும். பிற்காலத்துப் போன்கள் முகவரியை அடிக்கடி மாற்றிக்கொள்வது இதனால்தான். ஆகவே 'உங்கள் சொந்தக் கருவிகளில் சோதியுங்கள், ஊரார் முகவரிகளைச் சேமிக்காதீர்கள்' என்று ஆரம்பத்திலேயே யாராவது சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாவிட்டாலும் நிரல் பிழையில்லாமல் ஓடும். அதனால்தான் மனிதர் ஒருவர் தேவைப்படுகிறார்.

சரி, லாபம் எங்கே? அந்த வருடப் பேரேட்டில் தேடினால் கிடைக்காது. 2005-ல் ஒரு மாணவருக்காகச் செலவான நேரம், சில வருடம் கழித்து வேறு பல மாணவர்களுக்கு வழிகாட்டும் அமைப்பாகத் திரும்பி வந்தது. எல்லாரும் இப்படித் திரும்பி வருவதில்லை. பணம் வாங்கியதோடு காணாமல் போகிறவர்களும் உண்டு. வராக்கடன் மாதிரி அதையும் எழுதிக் கழித்துவிட்டு, அடுத்த கோடையில் இன்னொரு மாணவரை எடுக்கிறார்கள்.

2022 முதல் இந்தத் திட்டத்தில் சேர மாணவராக இருக்க வேண்டும் என்பதில்லை. 18 வயது நிரம்பிய, ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவர் யாரும் விண்ணப்பிக்கலாம். நிரல் எழுத வராத நண்பர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அடுத்த முறை ஜூனியர் ஒருவர் இருப்புநிலைக் குறிப்பு இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை என்று நோட்டை நீட்டினால், பேனாவை வாங்கித் திருத்திக் கொடுத்துவிடாதீர்கள். எங்கே பார்த்தாய் என்று மட்டும் கேளுங்கள்.