மூன்று நாட் பயணம், மூவகை நீர்

ஆல்ப்ஸ் மலையின் ஏரிகளையும் பனியாறுகளையும் மோட்டார் வண்டியிற் சென்று காண, மேனாட்டார் பல நாட்களுக்குத் திட்டமிடுவர். நமக்குப் பனியாறு இல்லை, நீர்நிலைகளுக்கோ குறைவில்லை. மதுரங்குளியிலிருந்து புறப்படுவோர் மூன்று நாட்களில் மூவகை நீரைக் கண்டு களிக்கலாம்.

முதல் நாள், கடல் தந்த நீர். புத்தளம் வீதியில் வடக்கே சென்று, பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பினால் கற்பிட்டிக் குடாநாடு. வலப்பக்கம் அமைதியான களப்பு. இடப்பக்கம், தென்னைகளுக்கு அப்பால், பெருங்கடல். உப்பளங்களிற் குவிந்த வெண்மையே நமது பனி! ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கோட்டையையும் கண்டு, இரவு புத்தளத்திற் தங்கலாம்.

இரண்டாம் நாள், வான் தந்த நீர். அநுராதபுர வீதியிலிருந்து பிரிந்து வில்பத்துக் காட்டினுட் புகுந்தால், மணற்கரை சூழ மழைநீர் தேங்கிய 'வில்லு'கள் பலவுண்டு. ஜீப்பை முன்னரே பேசிவைத்தல் நன்று.

மூன்றாம் நாள், மனிதன் கொணர்ந்த நீர். 5ஆம் நூற்றாண்டிற் தாதுசேன மன்னன் அமைத்த கலா வாவியிலிருந்து, ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமான கால்வாய் அநுராதபுரத்துத் திசா வாவிக்கு வருகிறது. அதன் முதற்பகுதியின் சரிவு மைலுக்கு 6 அங்குலமே!

எப்பொழுது செல்வது? மார்கழி மழையில் உப்பு விளையாது. ஆவணியில் வில்லுகள் பலவற்றில் நீர் குறைந்துவிடும். இரண்டையும் ஒருங்கே காண மாசியே ஏற்றது.

ஆல்ப்ஸின் பனியாறுகள் இன்று உருகிக் குறுகி வருகின்றன. அவற்றைக் கரைகட்டிக் காத்தல் இயலாது. நம் குளங்களைக் காக்கலாம். காத்தால் நம் பிள்ளைகளும் இப்பயணம் செல்வர்.