பொக்கு விழுந்த சுவர்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு விலைக்கு வந்தால் பேரம் இரண்டு விதமாக நடக்கும். ஒன்று வீட்டு விலை. இன்னொன்று இடிப்பு விலை: பர்மாத் தேக்குத் தூண், நிலை, கதவு, கம்பி அழி என்று தனித்தனியே மதிப்புப் போட்டு, மனைக்கு ஒரு தொகை சேர்த்து முடித்துவிடுவார்கள். முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இப்படி வந்த தூண்களைப் பார்க்கலாம். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனாலும் காரை பெயர்ந்த சுவரைப் பூசுவது வீட்டுக்காரர் கைக்காசில்தான். நான் போன வீட்டு ஆச்சிக்கு ஒரே ஒரு பிடிவாதம்: வீட்டை வீடாகவே விற்க வேண்டும். வெளிச்சுவருக்கென்று பங்காளிகள் சேர்த்துக் கொடுத்த பணம், முழுவதையும் உரித்துப் பூசக் காணாது.

கொத்தனாருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கலவையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே கரணைக் காம்பால் மேற்குச் சுவரைத் தட்டிக்கொண்டு போனார். பூச்சு கெட்டியாக இருந்த இடத்தில் 'டக்' என்று கேட்டது. செங்கல்லை விட்டுப் பிரிந்த இடத்தில் 'பொக், பொக்'. பொக்கு கேட்ட இடத்தைச் சுற்றிக் கரித்துண்டால் ஒரு வளையம் போட்டார். கறுத்துப்போய் மோசமாகத் தெரிந்த மேல்பகுதியில் வளையமே விழவில்லை. அது வெறும் பாசி. பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். பார்வைக்கு நன்றாக இருந்த அடிச்சுவரில்தான் முக்கால்வாசி பொக்கு. முன்பொரு தடவை யாரோ சிமெண்டில் ஒட்டுப்போட்டுப் பெயிண்ட் அடித்த இடம் அது.

"சிமெண்டுதான் சார் இந்தச் சுவரைத் தின்னுருச்சு" என்று சொல்லி உளியை வைத்தார். கையகலப் பத்தை ஒன்று அப்படியே பெயர்ந்து வந்தது. அதன் முதுகில் ஈரம். பின்னால் இருந்த செங்கல் விரல் பட்டதும் மாவாக உதிர்ந்தது; இடுக்கெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தரையிலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே தங்கிய நீரிலுள்ள உப்பு படிகமாகி, செங்கல்லை உள்ளிருந்தே உடைக்கிறது. விற்பதற்கு முன் அவசர அவசரமாகச் சிமெண்ட் பூசி, மேலே பளிச்சென்று வண்ணம் அடித்த வீடுகளை இந்த ஊர்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். இனி அவற்றின் முன்னால் நிற்கும்போது எனக்கு மனம் பதறத்தான் செய்யும்.

கையிலிருந்த காசில் முதல் செலவு பூச்சுக்கு இல்லை, தண்ணீருக்கு. மாடியில் உடைந்திருந்த தகரத் தூம்பை மாற்றினார்கள். கார்னிஸில் முளைத்திருந்த அரசங்கன்றை வேரோடு எடுத்தார்கள். சுவரோரம் மேடாகிக் கிடந்த மண்ணை வெட்டி இறக்கினார்கள். சாரம் கட்டுவதுதான் பெருஞ்செலவு என்பதால், உயரத்து வேலை அத்தனையையும் ஒரே சாரத்தில் முடித்தார்கள்.

கலவை சித்தாளின் பொறுப்பு. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்கடியில் மூடி வைத்திருந்தார். சலித்த மணல், கொஞ்சம் செங்கல் தூள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர். மிதித்து, வெட்டி, புரட்டி, மறுபடி மிதித்தார். பதம் வந்ததா என்று பார்க்க, கரணையில் கொஞ்சம் அள்ளித் தலைகீழாகக் கவிழ்த்தார். விழவில்லை. "இப்ப எடுத்துக்கங்கண்ணே" என்றார். அவர் சொல்லும்வரை கொத்தனார் கலவையைத் தொடவில்லை. பூச்சின் ஆயுளே அந்தப் பதத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கூலி கொத்தனார் கூலியைவிட வெகு குறைவு. பெண் என்றால் எத்தனை வருடமானாலும் சித்தாள்தான் என்கிற இந்த வழக்கம் அநியாயம்.

வளையத்துக்குள் இருந்ததை மட்டும் கொத்தி எடுத்தார்கள். ஓரத்தைச் சாய்க்காமல் செங்குத்தாக வெட்டினார்கள். செங்கல் இடுக்கைச் சுரண்டித் தூசி தட்டி, சுவர் குடிக்கிற வரை தண்ணீர் தெளித்தார்கள். அடிப்பூச்சு இறுகிய பிறகே அடுத்த பூச்சு. மேலே ஈரச்சாக்கு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லத்தான் கல்லாகும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைக்கும் பளபளப்புப் பூச்சுக்கு இங்கே வேலையில்லை. வெளிச்சுவருக்குக் கெட்டியான பூச்சு போதும்.

புரோக்கர் வந்து பார்த்துவிட்டு, ஒட்டுப்போட்டது தெரியாமல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். கொத்தனார் மறுத்துவிட்டார். "அது மறுபடி மூச்சை அடைக்கும் ஆச்சி. வெள்ளை அடிங்க, போதும்."

"தெரிஞ்சா தெரியட்டும் கொத்தனாரே. வாங்க வர்றவுக கேட்டா, எங்க தண்ணி எறங்குச்சு, எதைச் சரி பண்ணோம்னு நானே சொல்லிருவேன்" என்றார் ஆச்சி.

வடக்குச் சுவருக்குப் பணம் எட்டவில்லை. அங்கேயும் போட்டிருந்த கரி வளையங்களை அழிக்க வேண்டாம் என்று ஆச்சி சொல்லிவிட்டார். வாங்குகிறவருடைய கொத்தனாருக்கு எங்கே தொடங்க வேண்டுமென்று தெரிய வேண்டுமாம்.