கரண்டி பிடித்த கையில் துடுப்பு

தாய்லாந்துக்குப் போய் வந்தேன் என்றால் "என்ன வாங்கினே?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் சொல்ல ஆசைப்படுவது வேறு. கயாக் என்னும் ஒடுக்கமான சின்னப் படகில், ஆற்றிலும் கடலிலும் போய் வந்தேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. இத்தனைக்கும் காவேரிக் கரையில் பிறந்தவள். நான் பிறப்பதற்கு முன்பே பெரியப்பா மகன் ஒருவனை ஆடி மாத வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் படித்துறையின் மூன்றாம் படிதான் எல்லை. சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும். அதனால் என் மகள், "அம்மா, நாலு பேருக்கும் கயாக் சொல்லியாச்சு" என்றபோது எனக்கு அடிவயிறு கலங்கியது.

முதலில் சோக் ஆறு. காவோ சோக் என்ற பெரிய காட்டை ஒட்டி ஓடுகிறது. அங்கே துடுப்புப் போட்டதெல்லாம் வழிகாட்டிப் பையன்தான். நான் படகின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இறங்கும் வரை விளிம்பை விடவில்லை.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேருக்குத் தோளில் மாட்டிக்கொண்டால் போதாது. வார் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிய பிறகு, இன்னொருவர் தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. குழந்தைகளோடு போகும் தாய்மார்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். பெரிய அளவு ஜாக்கெட்டை விட்டுக் குழந்தை மட்டும் நழுவிவிடும்.

அடுத்தது கடல். கிராபி மாகாணத்தில் ஆவ் தலேன் என்ற இடம். செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகளும், நடுவே அலையாத்திக் காடும். வேர்களின் மேல் குரங்குகள் உட்கார்ந்து நம் பையையே பார்க்கும். தின்பண்டப் பொட்டலத்தை வெளியே எடுக்கக் கூடாது!

இருவர் போகும் கயாக்கில் ஒரு சட்டம் உண்டு. முன்னால் இருப்பவர் போடும் தாளத்துக்குப் பின்னால் இருப்பவர் துடுப்புப் போட வேண்டும். படகைத் திருப்புவதும் பின்னால் இருப்பவர் வேலை. நான் முன்னால், என் வீட்டுக்காரர் பின்னால்.

"கொஞ்சம் வேகமாப் போடேன்!"

"துடுப்பு இடிக்குதுங்க. நீங்க என் கையைப் பார்த்துப் போடுங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என் வேகத்துக்கு வந்தது அன்றைக்குத்தான். கால் மணி நேரம் முணுமுணுத்துவிட்டு, வந்தார்.

துடுப்பைக் கையால் மட்டும் இழுத்தால் தோள்பட்டை விட்டுப்போகும். அம்மியில் அரைக்கும்போது இடுப்பிலிருந்தே உடம்பு போய் வருகிறதல்லவா, அதுபோல இடுப்பைத் திருப்பிப் போட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் உள்ளங்கை கொப்பளித்துவிடும்.

இந்தப் படகின் பூர்வீகம் வடதுருவப் பக்கம். கிரீன்லாந்து போன்ற இடங்களில் மிதந்து வந்த கட்டைகளையும் எலும்பையும் கொண்டு சட்டம் கட்டி, அதன்மேல் சீல் தோல் போர்த்திச் செய்தார்கள். வேட்டைக்குப் போனது ஆண்கள். அந்தத் தோலைத் தண்ணீர் கசியாமல் விலங்கின் நரம்பால் தைத்துக் கொடுத்தது பெண்கள். ஒரு தையல் விட்டால் புருஷன் திரும்ப மாட்டான்! இந்தக் காலத்தில் பெண்களே கடலோடுகிறார்கள். ஃப்ரேயா ஹோஃப்மைஸ்டர் என்ற ஜெர்மன் பெண்மணி, 2009-ல் கயாக்கில் தனியாக ஆஸ்திரேலியாவை ஒரு சுற்றுச் சுற்றி முடித்தபோது அவருக்கு வயது 45.

கடைசி நாள் பாங் நா விரிகுடா. அங்கே சில தீவுகளின் நடுப்பகுதி கூரை இடிந்து, வானம் பார்த்த முற்றம்போல ஆகிவிட்டிருக்கிறது. தாய் மொழியில் 'ஹாங்', அதாவது அறை என்கிறார்கள். உள்ளே போக ஒரே வழி குகைதான். கடல் வற்றும்போது குகை திறக்கும், ஏறும்போது தண்ணீர் கூரையைத் தொட்டு மூடிக்கொள்ளும். ஏற்றமும் வற்றமும் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேகம் அதிகம். அதனால் படகுக்காரர்கள் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள்.

"படுங்க, கையை வெளியே நீட்டாதீங்க" என்று வழிகாட்டி சைகை காட்டினான். மல்லாந்து படுத்தேன். ஒரே இருட்டு, வௌவால் வாடை. டார்ச் வெளிச்சத்தில் கூரையில் ஒட்டிய சிப்பிகள் மூக்குக்கு ஒரு சாண் மேலே கத்திபோல நகர்ந்தன. முதுகுக்குக் கீழே கடல் அசைவது தெரிந்தது. நான் முகம் பார்த்தறியாத அந்த அண்ணன் நினைவு வந்தது. மகள் பின்னால் எங்கோ, "அம்மா, இருக்கியா?" என்றாள். "இருக்கேண்டி" என்றேன். என் குரல் நடுங்கவில்லை, எனக்கே ஆச்சரியம்.

சட்டென்று வெளிச்சம். நாலு பக்கமும் பச்சை படர்ந்த பாறைச் சுவர், மேலே வட்டமாக வானம். யாருமே பேசவில்லை. சேற்றில் ஒரு மீன் துள்ளித் துள்ளி நடந்தது. இருபது நிமிஷம் ஆனதும் வழிகாட்டி தண்ணீரைக் காட்டினான்; ஏறத் தொடங்கிவிட்டது. "இன்னும் கொஞ்ச நேரம்" என்று கேட்டது நான்தான். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்துவிட்டான்.

ஊர் திரும்பிய மறுவாரம் நீச்சல் குளத்தில் பெண்களுக்கான காலை வகுப்பில் சேர்ந்தேன். அம்மாவிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, "தலையை நல்லாத் துவட்டிக்கோ" என்றாள்.