ஒரு வாளிப் பித்தளை

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் நெருப்பு மூட்டும் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்டதும் கூடு தவிர மற்ற மூன்றும் செலவாகிவிடும். மிஞ்சும் கூடுதான் நான்கிலும் விலை கூடியது. அமெரிக்காவில் அதைப் பொறுக்கிச் சேர்த்து, ரகம் பிரித்து, கழுவி, வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறவர்கள் நிறைய. மிசௌரி மாநிலத்தில், கான்சாஸ் சிட்டிக்கு வெளியே, என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அவர்களில் ஒருவர்.

ராஜபாளையத்தில் வளர்ந்தவனுக்குத் துப்பாக்கி என்றால் போலீஸ் ஸ்டேஷன் வாசலும் வங்கிக் காவலாளியும்தான். மலையடிவாரத் தோப்புக்காரர்கள் சிலர் ஒரு காலத்தில் பன்றி விரட்ட உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்ததாகத் தாத்தா சொல்வார். எங்கள் ஊர் அய்யனார் கோவிலை ஒட்டிய மலைக்காடு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. எங்கள் தலைமுறைக்கு அந்தக் காட்டில் துப்பாக்கி என்பது வெறும் கதை. அதனால் இந்த ஊருக்குக் குடிவந்த புதிதில் பெரியவர் கராஜைத் திறந்து வைத்திருந்தால் பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொள்வோம். அந்தப் பயம் காரணமில்லாதது என்று இன்றும் நான் சொல்லமாட்டேன்.

கராஜில் இருந்த அவர் மேசைக்கு என்னை இழுத்தது பித்தளைதான். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் கூட்டி அள்ளிய கூடுகள் வாளி நிறைய இருந்தன. முதலில் காந்தம்: இரும்புக் கூடுகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அலுமினியத்தை எடையும் நிறமும் காட்டிக்கொடுக்கும். பிறகு அளவு பார்க்க வேண்டும். ஒன்பது மில்லிமீட்டர் கூடும் ‘.380’ கூடும் வாய் ஒரே அகலம். நீளம் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். அவசரக்காரர் கண்ணில் அது தப்பிவிடும். ‘.45’ கூடுகளில் பெரிய பிரைமர் குழி, சின்னப் பிரைமர் குழி என்று இரண்டு ரகம். சின்னக் குழியில் பெரியதை அழுத்தினால் ஆபத்து. கூட்டின் அடியில் பொறித்திருக்கும் எழுத்தை லென்ஸ் வைத்துப் படித்தால் செய்த ஆலை தெரியும். ‘எல்.சி.’ என்று இருந்தால் அது லேக் சிட்டி, 1941-இல் எங்கள் பக்கத்து இண்டிபெண்டன்ஸ் நகரில் தொடங்கிய ராணுவத் தோட்டா ஆலை. ராணுவக் கூட்டில் பிரைமரைச் சுற்றி இறுக்கி அடித்திருப்பார்கள். அந்த விளிம்பைச் செதுக்காமல் புதுப் பிரைமர் உட்காராது.

உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் ஒரு துளையோ இரண்டு துளையோ தெரியும். ஒற்றைத் துளை பாக்சர் என்ற ஆங்கிலேயர் கண்ட முறை. அமெரிக்காவில் அதுதான் நிலைத்தது. இரட்டைத் துளை பெர்டன் என்ற அமெரிக்கர் கண்டது. அதை ஐரோப்பா எடுத்துக்கொண்டது. இரட்டைத் துளைக் கூட்டில் பழைய பிரைமரைக் கழற்றுவது பெரும்பாடு என்பதால் பெரியவர் அதைப் பழைய உலோகக் கூடையில் போட்டுவிடுவார். கழுத்தில் கீறல் விட்டது, அடிப்பக்கம் பளிச்சென்று வளையம் தெரிவது, இரண்டும் அதே கூடைக்குத்தான். அந்த வளையத்துக்கு உள்பக்கம் சுவர் மெலிந்திருக்கும். இன்னொரு தடவை சுட்டால் கூடு இரண்டாகப் பிய்ந்துவிடும். பிரைமர் கரியில் ஈயம் உண்டு. கை கழுவாமல் அவர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, பிள்ளைகளை அந்த மேசையருகே விடுவதுமில்லை.

கழுவும்போது ஒரே ஒரு கட்டளை: அமோனியா கலந்த பாலிஷ் கூடாது. அந்தப் பாடம் நம் நாட்டில் கற்றது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படை மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் சுடாத தோட்டாக்களின் கூடுகள் வெடிப்பு விட்டிருந்தன. காரணம் 1921-இல்தான் தெளிவானது. எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளையைச் சூடாக்காமல் இழுத்துக் கூடாக்கும்போது உலோகத்துக்குள் ஒரு விறைப்பு தங்கிவிடுகிறது. குதிரை மூத்திரத்தின் அமோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து அந்த விறைப்பான இடத்தைத் தின்கிறது. இன்று ஆலைகளில் கூட்டின் கழுத்தைச் சூடுகாட்டி இளக்குகிறார்கள். பெரியவரும் சில ரகங்களுக்கு அதைச் செய்கிறார்.

கழுவ அவர் போடுவது எலுமிச்சைப் புளிப்புதான், சிட்ரிக் அமிலம். கொஞ்சம் சோப்பு, மெல்லிய எஃகு ஊசிகள், தண்ணீர். எல்லாவற்றையும் உருளும் டிரம்மில் போட்டுச் சுற்றவிட்டால் கூடு தங்கமாக வெளியே வரும். அய்யனார் கோவிலில் பொங்கல் வைத்து இறக்கிய பித்தளைப் பானையை அம்மா அங்கே ஓடும் ஆற்றின் மணலும் புளியும் போட்டுத்தான் தேய்ப்பாள். கூடுகள் சில இளஞ்சிவப்பாக மாறியிருந்ததைப் பெரியவர் காட்டிய அன்று அம்மாவிடம் போனில் சொன்னேன். “புளியில ரொம்ப நேரம் ஊறவிட்டா செவக்கத்தான்டா செய்யும்” என்றாள், ஏதோ பானை விஷயம் போல. துத்தநாகம் கரைந்து செம்பு மேலே தெரிவதுதான் அந்தச் சிவப்பு. பெரியவர் இப்போது டிரம்மை ஓடவிட்டால் கூடவே கடிகாரமும் வைக்கிறார்.

ஊரில் இந்த மேசைக்கு இடமே இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். போலீசில் இருந்த என் சித்தப்பா, பயிற்சிச் சுடுதல் முடிந்ததும் காலிக் கூடுகளை எண்ணி ஒப்படைக்க வேண்டும் என்பார். ஒன்று குறைந்தாலும் வெயிலில் புல்லை விலக்கித் தேடிக் கண்டெடுத்த பிறகுதான் சாப்பாடு. இங்கே தன் உபயோகத்துக்கு நிரப்ப மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. ஆனால் பெரியவர் நோட்டு வைத்திருக்கிறார்: எந்தத் தொகுதிக் கூடுகளை எத்தனை முறை நிரப்பினார், எத்தனை கழித்தார், எல்லாம் தேதியோடு. சித்தப்பாவின் மேலதிகாரி கேட்டதை இவரிடம் யாரும் கேட்கவில்லை, தானாக எழுதுகிறார். அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் அவர் வீட்டுப் பக்கம் என் பிள்ளைகள் விளையாடுவதற்கு நான் சம்மதித்தேன்.

இந்த நாட்டில் துப்பாக்கிகள் குறைய வேண்டும், தோட்டாவுக்குக் கணக்கு வேண்டும் என்பது என் எண்ணம். அவரிடமே சொல்லியிருக்கிறேன். நோட்டு எழுதுகிறவனை நம்பினால் போதும், சட்டம் எதற்கு என்கிறார் அவர். சித்தப்பாவோடு இருந்த காவலர்களும் நம்பிக்கையானவர்கள்தான், இருந்தும் எண்ணினார்கள் என்று நான் சொன்னேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. ஒரு கூடு தொலைந்தால் அந்தக் காவலருக்கு என்ன ஆகும் என்று மட்டும் விசாரித்தார். துறை விசாரணை, சில சமயம் சம்பள உயர்வு நிறுத்தம் என்று சித்தப்பாவிடம் கேட்டுச் சொன்னேன். கடுமைதான், ஆனாலும் தங்கள் ரேஞ்சில் யாராவது அப்படி எண்ணினால் நல்லது என்றார்.