ஓடைப் பாசியும் ஒன்பது வாட்ஸ் பல்பும்

காலாண்டுப் பரீட்சை லீவுக்குத் திருச்சியில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போன என் மகள், திரும்பி வரும்போது மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாளாம். உள்ளே ஒரே ஒரு மீன். நல்ல நீல நிறம். வால் மட்டும் பட்டுச்சேலை முந்தானை மாதிரி விரிந்து கிடந்தது.

"ஃபைட்டர் மீன் ப்பா. அத்தை வாங்கிக் குடுத்தாங்க."

என் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். "ஒத்த மீன வச்சி என்னத்தடி குழம்பு வைக்கிறது?"

"அப்பாயி!" என்று ஒரு கத்தல். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குழம்பு என்ற பேச்சையே அந்த மீனுக்குக் கேட்காதபடிதான் பேச வேண்டும்.

டப்பாவில் எத்தனை நாள் வைப்பது? அரியலூர் போனபோது ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினேன். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம். முக்கால் அடி உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் இருபது லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். ஃபைட்டருக்கு அது போதும். கடைக்காரத் தம்பி அதோடு விடவில்லை. உள்ளே செடி வைக்கணும், செடிக்குத் தனி லைட் வேணும், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கூட இருக்குங்க என்று அடுக்கிக்கொண்டே போனார். கூட்டிப் பார்த்தால் ஒரு மூட்டை சின்ன வெங்காய விதைக்காய் விலையைத் தாண்டியது.

எனக்குச் சுருக்கென்றது. இருபத்தைந்து வருஷமாகப் பருத்தியும் மக்காச்சோளமும் வெங்காயமும் போடுகிறவன் நான். செடிக்கு வெளிச்சம் எவ்வளவு வேணும் என்று எனக்கே பாடமா? "செடிதானே, எங்க ஓடையில கெடக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

குன்னம் பக்கம் எங்கள் கொல்லையை ஒட்டி ஓர் ஓடை போகிறது. மழை பெய்தால் நாலு மாதம் குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்கும். அதில் வேலம்பாசி மண்டிக் கிடக்கும். ஒரு கைப்பிடி அள்ளி வந்து, அலசி, தொட்டியில் போட்டேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மீனும் பாசிக்குள்ளே புகுந்து புகுந்து வந்தது. மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூட்டி வந்து காட்டினாள்.

மறுநாள் காலையில் மீன் ஒருக்களித்து மிதந்தது. செவுள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதுவும் இல்லை.

அவள் அழவில்லை. "பாசி மட்டுந்தானே ப்பா போட்டோம்?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பாசியை அள்ளுவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் பருத்திக்கு மருந்தடித்தேன். அடித்து முடித்து, மருந்து டேங்கை அந்த ஓடையில்தான் கழுவினேன். எங்கள் அப்பா கழுவினார், நான் கழுவுகிறேன், அக்கம்பக்கத்தில் எல்லாரும் கழுவுகிறார்கள். அன்று ராத்திரி மாட்டுக்கொட்டகையில் கிடந்த காலி டப்பாவை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மஞ்சள் முக்கோணம். கூட வந்த மடிப்புத்தாளில் பொடி எழுத்தில், மீனுக்கு நஞ்சு, நீர்நிலையில் கலக்கக் கூடாது என்று இருந்தது. அந்தத் தாளை அதுவரை நான் பிரித்ததே இல்லை. பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கு ஆகவே ஆகாது. நமக்கு ஒன்றும் செய்யாத துளி அளவுகூட அதைக் கொன்றுவிடும்.

அதனால்தான் செத்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தொட்டியும் புதுசு, தண்ணீரும் புதுசு. ஆனால் தெரிந்தே ஒரு வேலையைச் செய்துவிட்டு, பழியைத் தண்ணீர் மேல் போட எனக்கு மனசு வரவில்லை.

இதில் இன்னொன்றும் உறுத்தியது. இந்த ஃபைட்டர் மீனுக்குப் பூர்வீகம் தாய்லாந்துப் பக்கம். அங்கே அது நெல் வயலிலும், ஆழமில்லாத குட்டையிலும் வாழ்கிற மீன். 2019இல் அந்த நாடு அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. நம்ம பனையேறிக் கெண்டை மாதிரி, மேலே வந்து காற்றைக் குடித்து உயிர் பிழைக்கக் கூடியது. சேற்றுத் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கிற அந்த வயல் மீன், என் வயல் தண்ணீரில் ஒரு நாள் தாங்கவில்லை.

இரண்டாவது முறை அவசரப்படவில்லை. அரியலூர்க் கடைக்கே போய், "தம்பி, அன்னைக்குப் பேசினத மனசுல வச்சிக்காதீங்க. விலை கம்மியா, சாகாத செடியாக் குடுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு மூன்று செடி கொடுத்தார். அவர் சொன்னது, நான் படித்தது, பட்டுத் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அடுக்குமாடி வீட்டில் ஒரு சின்னத் தொட்டி வைக்க நினைக்கிறவர்களுக்கு இது உதவும்.

முதல் செடி அனுபியாஸ். ஆப்பிரிக்காக்காரன். இலை தடிப்பாக, கரும்பச்சையாக இருக்கும். இரண்டாவது ஜாவா ஃபெர்ன். இரண்டுக்கும் மஞ்சள் கிழங்கு மாதிரி ஒரு படுக்கைத் தண்டு உண்டு. கிழங்கைக் கண்டதும் மண்ணில் புதைக்கத்தான் விவசாயி கை போகும். புதைத்தால் அழுகிவிடும். ஒரு கருங்கல்லில் வைத்துப் பருத்தி நூலால் கட்டிவிட வேண்டும். நூல் இற்றுப்போவதற்குள் வேர் கல்லைப் பிடித்துக்கொள்ளும். பெரம்பலூர்க்காரனுக்குப் பருத்தி நூலுக்கா பஞ்சம்? ஜாவா ஃபெர்ன் இலையிலேயே குட்டி போடும், நம்ம ரணகள்ளி மாதிரி.

மூன்றாவது வாலிஸ்நேரியா. நாடா நாடாவாக நீண்டு வளரும். இதை மணலில் நடலாம். ஆனால் குருத்து வெளியே தெரிய வேண்டும். அருகம்புல் மாதிரி கொடி ஓடிப் பக்கத்திலே முளைக்கும். இதற்கு உப்புத் தண்ணீர், அதாவது சுண்ணாம்புச் சத்துள்ள கடினத் தண்ணீர், ஒத்துப்போகும். எங்கள் பக்கம் அதுதான் முக்கியம். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் கடல் கிடந்த பூமி இது. கொல்லையில் உழுதால் சங்கும் சிப்பியும் கல்லாகி வரும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது. அந்தச் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அரியலூரில் இத்தனை சிமெண்ட் ஆலைகள். எங்கள் போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும்.

அதனால் தொட்டிக்குக் கல் எடுக்கும்போது பார்த்து எடுங்கள். ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல், தண்ணீரை இன்னும் கடினமாக்கிவிடும், வேண்டாம். அடியில் போட, வீடு கட்டி மீந்த ஆற்று மணலைக் கலங்கல் போகிறவரை ஏழெட்டுத் தடவை கழுவினேன். நாலாவதாக, செலவே இல்லாத ஒன்று: வீட்டு மணி பிளாண்டில் ஒரு கொடியை ஒடித்து, இலை வெளியிலும் வேர் தண்ணீரிலும் இருக்கிற மாதிரி தொங்கவிட்டேன். மீன் கழிவிலிருந்து வருகிற சத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது.

சிவப்புச் செடி, புல்தரை மாதிரி படர்கிற செடி இவற்றின் பக்கம் போகாதீர்கள். அவைதான் பெரிய லைட்டும் சிலிண்டரும் கேட்கும்.

லைட்டுக்கு வருவோம். கடைத்தெருவில் வாங்கின ஒன்பது வாட்ஸ் எல்இடி பல்பு, டப்பாவில் 6500 கெல்வின் என்று போட்ட வெள்ளை வெளிச்சம். மகளுடைய பழைய படிப்பு விளக்கில் அதை மாட்டி, தொட்டிக்கு ஒரு சாண் மேலே நிறுத்தினேன். இந்த நாலு செடிக்கும் அதுவே தாராளம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் மாதம் இரண்டேகால் யூனிட் கூட வராது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரத்தில் இது எந்த மூலைக்கு? பல்பு தண்ணீரில் விழாதபடி தொட்டிக்குக் கண்ணாடி மூடி போடுங்கள். ஃபைட்டர் துள்ளி வெளியே விழுகிற மீன், அதற்கும் மூடி வேணும். ஆனால் காற்றுக்கு இடைவெளி விடுங்கள்.

வெளிச்சம் கூடினால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் நான் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டேன். செடி வளரவில்லை, கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி வளர்ந்தது. பயிருக்கு வேண்டியதற்கு மேலே கொடுத்தால் களைதானே தின்னும்? ஜன்னல் வெயிலும் அப்படித்தான், தண்ணீரும் சூடாகிப்போகும். இப்போது ஒரு டைமர் வாங்கி மாட்டிவிட்டேன். மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுப் பழகினவனுக்கு இது புது வித்தை இல்லை.

நட்ட முதல் இரண்டு வாரத்தில் வாலிஸ்நேரியாவின் பழைய இலையெல்லாம் கரைந்தது. மகள் பயந்துபோனாள். "நாத்து புடுங்கி நட்டா மொதல்ல மஞ்சளடிச்சுத்தான் பச்ச பிடிக்கும், பொறு" என்றேன். புது இலை வந்தது. உரம் மட்டும் போடாதீர்கள். யூரியா ஒரு சிட்டிகைகூட வேண்டாம். மண்ணில் யூரியா அமோனியாவாகி, அப்புறம் நைட்ரேட்டாகிப் பயிருக்குப் போகிறது. தொட்டியில் மீன் கழிவே அந்த அமோனியாவைத் தருகிறது. அதை மாற்றுகிற நுண்ணுயிர் பெருக மூன்று நாலு வாரம் ஆகும். அந்தத் தொட்டிக்குப் பழுக்க நேரம் கொடுத்த பிறகுதான் இரண்டாவது மீன் வந்தது. வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணீரை எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விடுகிறோம்.

இந்த மீன் சிவப்பு. மூன்றாம் மாதம் மணி பிளாண்ட் வேரடியில் நுரை நுரையாகக் கூடு கட்டியது. பெட்டை இல்லாவிட்டாலும் ஆண் மீன் கட்டுமாம். அம்மா அன்றைக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மருந்து டேங்கை நான் இப்போது ஓடையில் கழுவுவதில்லை. கழுவுகிற தண்ணீரையும் டேங்கிலேயே விட்டுக் குலுக்கி, அடித்த பருத்தியிலேயே அடித்துவிடுகிறேன். பக்கத்துக் கொல்லைக்காரர் பார்த்துவிட்டு, "என்னா மாமா, ஒத்த மீனுக்காகவா?" என்று கேட்டார். "ஆமா மாப்ள" என்றேன். மருந்தே அடிக்காமல் பருத்தி எடுக்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை, அதையும் மறைக்க விரும்பவில்லை.

போன மழையில் ஓடையில் திரும்ப வேலம்பாசி வந்தது. மகள் ஒரு கைப்பிடி அள்ளி வந்து, தொட்டியில் போடாமல் தனி வாளியில் போட்டாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுகிறாள். ஒரு மாதம் ஆகிறது, பாசி தளதளவென்று இருக்கிறது.

"நீ போடலாம்னு சொன்னாத்தான் ப்பா மீன்கிட்ட போடுவேன்" என்கிறாள்.

நான் இன்னும் சொல்லவில்லை.