மூன்று கட்டங்களில் ஒரு பூனை

குவாஹாட்டியிலிருந்து போபாலுக்கு மாறுதலாகி வந்த பின் விடிந்த முதல் திங்கட்கிழமை அது. பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்த என் மகள், புதிய பள்ளிக்குப் போகமாட்டேன் என்று சுவரோரம் அமர்ந்துவிட்டாள். அவ்வேளையில் வாயிலில் ஆங்கில நாளிதழ் வந்து விழுந்தது. அதை எடுத்துப் புரட்டியவளின் முகம் சற்றே மலர்ந்தது.

"அம்மா, இவன் இங்கேயும் வந்திருக்கிறான்!"

அவள் காட்டியது கார்ஃபீல்டு என்னும் ஆரஞ்சு நிறப் பூனையை. குவாஹாட்டியிலும் அவள் நாள்தோறும் தேடிப் படித்த சித்திரத்தொடர் அது. திங்கட்கிழமை என்றாலே அந்தப் பூனைக்கு வெறுப்பு. அன்று என் மகள் பள்ளிக்குச் சென்றாள், அழுதுகொண்டேதான் சென்றாள்.

அதுவரை அந்தத் தொடரை நான் பொருட்படுத்தியதில்லை. உண்பது, உறங்குவது, நாயைச் சீண்டுவது. இதையே எத்தனை நாள் படிப்பது என்று எண்ணியிருந்தேன். அதன் பிறகுதான் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அதனைப் படைத்த ஜிம் டேவிஸ், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு பண்ணையில் வளர்ந்தவர். அங்கே ஏறத்தாழ 25 பூனைகள் இருந்தனவாம். சிறுவயதில் ஆஸ்துமாவால் துன்புற்று வீட்டுக்குள்ளேயே கிடந்த அவர் கையில் தாய் பென்சிலும் தாளும் கொடுக்க, படம் வரையத் தொடங்கினார். முதலில் ஒரு சிறு பூச்சியை நாயகனாக்கித் தொடர் வரைந்தார். அது பெரிய நாளிதழ்களில் இடம்பெறவில்லை. நாளிதழ்களில் ஸ்நூபி போன்ற நாய்கள் புகழ்பெற்றிருக்க, பூனைகள் அரிதாகவே இருப்பதைக் கண்டார். தம் பாட்டனாரின் பெயரிலிருந்து எடுத்த பெயரைச் சூட்டிப் பூனை ஒன்றை உருவாக்கினார். 1978 ஜூன் 19 அன்று 41 நாளிதழ்களில் அது வெளிவந்தது. தொடக்கக் காலத்திலேயே சிகாகோ நாளிதழ் ஒன்று தொடரை நிறுத்தியது. வாசகர்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவிக்கவே, மீண்டும் வெளியிட்டது. பின்னாளில் 2,500-க்கும் மேற்பட்ட இதழ்களுக்குச் சென்று கின்னஸ் நூலிலும் அத்தொடர் இடம்பெற்றது.

பசி, உறக்கம், சோம்பல் ஆகியவற்றையே டேவிஸ் பெரிதும் வரைந்தார், அரசியலை விலக்கினார். ஆகவே இண்டியானாவின் பூனை போபாலிலும் விளங்குகிறது. அது விரும்பி உண்ணும் லசானியாவை நான் சுவைத்ததில்லை; ஆயினும் அடுத்த கவளத்துக்கான அதன் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஒரே நகைச்சுவை திரும்பத் திரும்ப வருகிறது என்பது அத்தொடரின் மீதுள்ள பழைய குறை. குறை உண்மையே. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கொருமுறை ஊரும் தோழியரும் மாறும் ஒரு சிறுமிக்கு, மாறாமல் இருப்பதுதானே வேண்டும்? பூனையின் உருவம்கூடக் காலப்போக்கில் மாறியிருக்கிறது. முதலில் நான்கு கால்களில் நடந்தது, பிறகு இரண்டு கால்களில் நிமிர்ந்து நின்றது. குணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். கார்ஃபீல்டு வாய்திறந்து பேசுவதில்லை. அது நினைப்பதெல்லாம் தலைக்கு மேல் மேகம் போன்ற வட்டத்துக்குள் எழுதப்படுகிறது. படிக்கும் நமக்கு மட்டுமே அது தெரியும்.

மகள் வெட்டி ஒட்டிவைத்திருந்த படங்களில் ஒன்றை எடுத்து, மேகங்களை வெண்தாளால் மறைத்து, ஏழாம் வகுப்புத் தமிழ் மாணவர்களிடம் கொடுத்தேன். பூனை நினைப்பதைத் தமிழில் எழுதச் சொன்னேன். என் மாணவர்கள் வீட்டில் தமிழைக் கேட்பவர்கள். எழுதச் சொன்னால் தயங்குபவர்கள். அவ்வாண்டு வேறு மாநிலத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு மாணவன் அதுவரை என் வகுப்பில் ஒரு வரிகூட எழுதியதில்லை. அன்று நெடுநேரம் குனிந்திருந்துவிட்டுத் தாளை நீட்டினான். முதல் இரு மேகங்களும் வெறுமையாக இருந்தன. மூன்றாவதில், "பாட்டி சுட்ட தோசய் வேனும். இங்க யாருக்கும் சுட தெரியல" என்று எழுதியிருந்தான்.

"இது பூனை நினைப்பதா?" என்று கேட்டேன்.

"ஆமாம் மேடம், பூனைதான்" என்றான் தரையைப் பார்த்தபடி.

அன்று சிவப்பு மையைத் தொடவில்லை. பிழைகளை மறுநாள்தான் திருத்தினோம்.